பிள்ளைகள் மிதித்து இறுக்கிய தோட்டம்

இன்று எங்கள் பள்ளித் தோட்டத்துக்குக் கடைசி நாள் என்று நினைத்துக்கொண்டுதான் பஸ் ஏறினேன்!

மரக்காணம் பக்கம் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பு டீச்சர் நான். பள்ளிக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தைத் தோட்டம் போட ஹெச்.எம்.மிடம் கெஞ்சி வாங்கியிருந்தேன்.

"இந்த மாசத்துக்குள்ள எதாவது மொளைக்கணும் டீச்சர். இல்லன்னா சைக்கிள் ஸ்டாண்டு போட்டுடுவேன். பசங்க சைக்கிள்லாம் வெயில்ல காயுது" என்றார்.

(நியாயமான மனிதர். சண்டை போடக்கூட வழியில்லை!)

முதல் நாள், "மண்ண ரெடி பண்ணி வைங்கடா" என்று சொல்லிவிட்டு மீட்டிங் போனேன். திரும்பி வந்தால் சுற்றிலும் வரப்பு, நடுவில் தரை வழுவழு!

"சூப்பர்டா!" என்று கைதட்டினேன். (கைதட்டுவதற்கு முன் தொட்டாவது பார்த்திருக்கலாம்.)

குச்சியால் கீறி, கொத்தவரை விதை போட்டு, தினமும் தண்ணீர் ஊற்றினோம். தண்ணீர் குளமாக நின்றது. காய்ந்ததும் தரை வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. விதை மட்டும் அசையவே இல்லை. மண்ணே சரியில்லை என்று மனசு விட்டுப்போனது.

மாசம் முடிந்தது; இன்று காலை ஹெச்.எம். ஸ்டாண்டுக்கு அளவெடுக்க டேப்போடு வந்துவிட்டார். பிள்ளைகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்போது தர்ஷினி கத்தினாள். "மிஸ்! இங்க வாங்க மிஸ்!"

வரப்பின் மேல் குட்டிக் குட்டியாகப் பச்சை! விதை போட்ட அன்றைக்குப் பொட்டலம் கிழிந்து அங்கே சிந்திய விதைகள்!

அவள் வரப்பில் விரலைக் குத்தினாள். பிறகு நடுத்தரையில் குத்தினாள்.

"இங்க வெரல் போவுது மிஸ். அங்க போவல! வேரு மட்டும் எப்டி போவும்?"

"ஏன்டா இவ்ளோ கெட்டியா இருக்குது?" என்றேன்.

பக்கத்தில் நின்ற கார்த்திக்குப் பெருமை தாங்கவில்லை. "நாங்கதான் மிஸ் மிதிச்சோம்! ஒரு சொட்டு ஒழுவாது!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாதிப் பேரின் அப்பா அம்மாவுக்கு உப்பளத்தில் வேலை. அங்கே தண்ணீர் கீழே இறங்காமல் தரையை மிதித்து இறுக்குவார்கள். என் பிள்ளைகள் எனக்கு அச்சு அசலாக ஒரு உப்பளம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள்!

தர்ஷினி பயந்து பயந்து ஹெச்.எம்.மைக் கேட்டாள். "சார், வரப்புல மொளைச்சா கணக்குல வருமா சார்?"

அவர் குனிந்து பார்த்தார்.

"மொளைச்சது மொளைச்சதுதாம்மா" என்று டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார்.

அப்புறம் என்ன! பிள்ளைகள் தரையைக் கொத்திப் புரட்டி, இடம் முழுக்க வரப்பாகவே போட்டுவிட்டார்கள். எனக்குக் கால் வைக்க இடமில்லை. சந்தோஷத்தில் அழுதேவிட்டேன்.

சாயங்காலம் மணி அடித்ததும் சைக்கிள் எடுக்கப் போனவர்கள் "ஆ! ஊ!" என்று குதித்தார்கள். சீட்டெல்லாம் கொதிக்கிறது!

"என்னடா, ஸ்டாண்டே போடச் சொல்லிடலாமா?" என்றேன்.

"ஐயோ வேணாம் மிஸ்! நாங்க நின்னுக்கினே மிதிச்சிட்டுப் போறோம்!"