ஸ்பீக்கர் பக்கத்துச் சோபா

சமுத்திரத்துக்குக் காது மந்தம் என்பது மில்லுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும், காலையில் பால் ஊற்ற வருகிறவருக்கும் தெரியும். ஒப்புக்கொள்ளாதவன் சமுத்திரம் ஒருவன்தான். "எனக்கா? பரண்ல எலி ஓடுனாலும் கேக்கும்ட்டி" என்பான். அந்த நேரம் அடுப்பில் குக்கர் நாலாவது விசில் அடித்துக்கொண்டிருக்கும். அவன் மனைவி வேலுத்தாய் எழுந்துபோய் அணைப்பாள்.

இருவரும் ராஜபாளையத்தில் ஒரே நூற்பாலையில் வேலை பார்த்தவர்கள். அவன் மெஷின் ஓட்டினான். அவள் அறுந்த நூலை ஒட்டிவிடுவாள். அந்த ஷெட்டின் இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. உதட்டசைவும் கையசைவும்தான் பாஷை. மீசையை முறுக்கிக் காட்டினால் மேஸ்திரி வருகிறார். வயிற்றைத் தட்டினால் சாப்பாட்டு நேரம். இந்தப் பாஷையில்தான் சமுத்திரம் அவளிடம், "என்னக் கட்டிக்கிடுதியா?" என்று கேட்டான். சத்தம் வெளியே வராவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்துவிட்டான் பாவம். அங்கே அத்தனை பேருக்கும் உதடு படிக்கத் தெரியும் என்பது ஆசையில் மறந்துபோயிற்று. எதிர் மெஷினில் நின்ற பெத்தம்மாள் படித்தாள். மதியச் சாப்பாட்டுக்குள் மில் முழுக்க வாழ்த்துச் சொன்னது.

அப்போது சமுத்திரத்துக்கு ஒரே பைத்தியம், 'மின்னல்' இசைக்குழு. அதில் கிதார் வாசித்த ஸ்ரீவில்லிபுத்தூர் எட்வினைப் போலவே முடி வளர்த்து, மேஸ்திரியிடம் ஏச்சு வாங்கினான். கல்யாணமான வருசம் பொங்கல் விழாவில் மின்னல் கச்சேரி. மில்லில் லீவு இல்லை என்றார்கள். "அடுத்த வருசம் கூட்டிட்டுப் போறேன்" என்றான். அடுத்த வருசம் பிள்ளை பிறந்தது. அப்புறம் ஆளுக்கொரு ஷிஃப்ட். அவள் வரும்போது அவன் போவான். வாசலில் சாவியை மாற்றிக்கொள்வதுதான் குடும்பம். ஒருநாள் குழுவே கலைந்துபோனது.

காதும் கொஞ்சங்கொஞ்சமாகக் கலைந்தது. இன்ஸ்பெக்டர் வருகிற அன்று மட்டும் எல்லாருக்கும் காதடைப்பான் கொடுப்பார்கள். ஜீப் கேட்டைத் தாண்டியதும் வாங்கிப் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். "வயசானா வாரதுதான்" என்றார் மில் டாக்டர். சமுத்திரத்துக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை. குறி சொல்கிறவர் குலசாமியின் கோபம் என்று சொல்லி, சேவல் கேட்டார். வேலுத்தாய்க்கு வந்ததே கோபம்! "சாமிக்குக் கோவம்னா காதடைப்பானப் பூட்டி வச்சவன் காதத்தான அடைக்கணும்? உழைச்சவன் காது என்னய்யா பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டுச் சேவலைக் குழம்பு வைத்தாள்.

தொழிற்சங்கத்து மாரிசெல்வம் சொன்னது மட்டும்தான் அவளுக்கு நியாயமாகப் பட்டது. "இது தொழில் குடுத்த நோவு. பரிசோதன பண்ணி நஷ்டஈடு கேப்போம்ணே." சமுத்திரம் எகிறிவிட்டான். "என்னச் செவிடன்னு ஊரறியச் சொல்லணுமாக்கும்!"

இந்த நிலைமையில்தான் கோயம்புத்தூரிலிருந்து மகள் சத்யப்பிரியா போன் செய்தாள். "யம்மா, மின்னல் குழு மறுபடி சேந்து வாசிக்காங்க. ஸ்ரீவில்லிபுத்தூர்ல. ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டுட்டேன்."

சமுத்திரம் வெள்ளைச் சட்டையை இரண்டு தடவை இஸ்திரி போட்டான். வேலுத்தாய் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மல்லிகைப்பூவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை. அந்தக் கிதார் இவன் காதில் ஒருதரம் விழ வேண்டும். விழாவிட்டால்? அவன் வெள்ளைச் சட்டைக் காலரை ஒருதரம் நீவிவிட்டாள்.

மண்டபத்தில் முன்வரிசை முழுக்கச் சோபா, புரவலர்களுக்கு. பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள். அங்கே பாதிப் பேர் பழைய மில்காரர்கள். பெத்தம்மாள் தூரத்திலிருந்தே கையசைத்து, "மாப்பிள கணக்கா வந்திருக்காரு!" என்று உதட்டால் கேலி செய்தாள். எட்வின் மேடையேறினான். முடி போய்விட்டது, கிதார் அதேதான்.

வேலுத்தாய் மேடையைப் பார்க்கவில்லை. புருசன் முகத்தைப் பார்த்தாள். அவன் டிரம்ஸ்காரன் கையைப் பார்த்துப் பார்த்து ஒரு நொடி பிந்தித் தலையாட்டினான். மற்றவர்கள் தட்டினால் தட்டினான். பாட்டு முடிந்து, நகைக்கடை விளம்பரம் அறிவித்தபோதும் சொக்கிப்போய்த் தலையாட்டினான்.

"எட்வின் எட்வின்தாம்ட்டி!" என்று கத்தினான். அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த பாட்டில் சத்தம் கூடியது. முன்வரிசைச் சோபாவில் ஒருவர் காதைப் பொத்தினார். பார்த்தால் அவர்களுடைய மில் மேனேஜர்! சத்தத்தைக் குறைக்கச் சொல்லி மேடைக்குச் சைகை காட்டினார். எட்வின் கும்பிட்டுவிட்டு வாசித்தான். யாரோ பஞ்சு கொண்டுவந்து கொடுக்க, மேனேஜர் இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு பின்வரிசைக்கு எழுந்து வந்தார். சோபா காலியானது. அதை ஒட்டியே ஆளுயர ஸ்பீக்கர்.

வேலுத்தாய் புருசனின் மணிக்கட்டைப் பிடித்து எழுப்பினாள்.

மேனேஜர் வழிமறித்தார். "அங்க உக்காராதம்மா. காது போயிரும்."

"போக வேண்டியது உங்க மில்லுலயே போயிருச்சு சார்."

"என்னம்மா? கேக்கல."

"பஞ்ச எடுங்க, கேக்கும்" என்று தன் காதைத் தொட்டுக் காட்டினாள்.

அவர் எடுத்தார். அவள் மறுபடியும் சொன்னாள், இந்தத் தடவை பக்கத்து நாற்காலிகளுக்கும் கேட்கும்படி. மேனேஜர் கையில் பஞ்சோடு நின்றார்.

சோபாவில் சமுத்திரம் கூச்சத்தோடு நுனியில் உட்கார்ந்தான். வேலுத்தாய் அவன் உள்ளங்கையை எடுத்து ஸ்பீக்கர் பெட்டிமேல் வைத்தாள். எட்வின் தனியாக வாசிக்க ஆரம்பித்தான். சமுத்திரத்தின் விரல்கள் முதலில் அசைந்தன. பிறகு தோள். பிறகு தலை, இப்போது தாளம் பிந்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

பாட்டு நடுவிலேயே அவள் பக்கம் திரும்பினான். சத்தமில்லாமல், பழைய ஷெட் பாஷையில் சொன்னான்.

"கேக்குதுட்டி."

அவள் தலையசைத்தாள்.

"இம்புட்டு நாளும் கேக்கல."

"தெரியும்" என்றது அவள் உதடு.

அவன் உள்ளங்கையைப் பெட்டிமேல் இன்னும் அழுத்தினான். பிறகு திரும்பவும் உதட்டை அசைத்தான். "மாரிசெல்வத்த வரச் சொல்லு. பரிசோதனைக்குப் போவோம்."

இந்தத் தடவையும் மறந்துபோனான், பாதி மண்டபம் மில்காரர்கள் என்பதை. பக்கவாட்டு வரிசையில் பெத்தம்மாள் நாற்காலிமேல் ஏறி நின்று, படித்ததைப் பின்வரிசைக்கு உதட்டால் சொல்லிவிட்டு, இரண்டு கையையும் தூக்கித் தட்டினாள். பின்னாலிருந்து நாலைந்து பேர் தங்கள் காதைத் தொட்டுக் காட்டிக் கையை உயர்த்தினார்கள்: நாங்களும் வாரோம்.