ஆற்றுக்கு அந்தப் பக்கம்

ஷான்டெல் பிக்கெட்டின் பெயரைக் கேட்டாலே மார்லீஸ் ஹூபருக்கு வயிறு எரியும். ஒரு காலத்தில் ஒரே அணியில் பாஸ்கட்பால் ஆடியவர்கள். இப்போது அமெரிக்காவில், தெற்கு இந்தியானாவின் ஒரே ஊரில், ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஹார்லன் கல்லூரியில் மார்லீஸ் துணைப் பயிற்சியாளர். அந்தப் பக்கம் ஸ்டோக்லி கல்லூரியில் அதே வேலையில் ஷான்டெல். மூன்று வருடத்துக்கு முன்புவரை இரண்டு கல்லூரிகளும் ஒரே லீக்கில் ஆடின. பிறகு ஸ்டோக்லியைப் பெரிய லீக் சேர்த்துக்கொண்டது. அன்றிலிருந்து உள்ளூரில் நன்றாக ஆடும் பெண் ஒருத்திகூட ஹார்லன் பக்கம் திரும்பவில்லை. ஆள் பிடிக்க ஷான்டெல் பேசவே வேண்டாம். அவள் சட்டையில் இருந்த பெரிய லீக்கின் சின்னமே பேசியது.

இந்த வருடம் ஜோஸ்லின் வெபர். பள்ளிக் கடைசி வருடம். மூன்று பேர் மறித்தாலும் பந்தைக் கூடையில் போடுகிறவள். இவளையாவது பிடித்துவிட வேண்டும் என்று அவள் ஆடும் ஆட்டத்துக்கெல்லாம் மார்லீஸ் போனாள். போன இடத்திலெல்லாம் ஷான்டெலும் இருந்தாள்.

"வெளியூர் ஆட்டத்துக்கு இன்னும் அந்த ஓட்டை பஸ்லதான் போறீங்களாடி?" என்றாள் ஷான்டெல்.

"ஆமா. உங்க விமானத்துல இடம் இருக்கா?"

"வாயேன். பெட்டி தூக்க ஆள் வேணும்."

மார்லீஸ் சிரித்துவைத்தாள்.

வெபர் வீட்டுச் சமையலறை மேசையில் மார்லீஸ் வரைபடத்தை விரித்தாள். ஹார்லன் வெளியூரில் ஆடும் இடமெல்லாம் நாலு மணி நேரத் தூரத்துக்குள். "ஒரு ஆட்டம்கூட விடாம நீங்க வந்து பார்க்கலாம், மிஸ்டர் வெபர்."

ஜோஸ்லினின் அப்பா டாயில், கடைகளுக்கு ரொட்டி கொண்டுபோகும் வண்டி ஓட்டுகிறவர். வரைபடத்தைப் பார்த்துச் சிரித்தார். "கோச், இந்த ரோடெல்லாம் பத்தொன்பது வருஷமா நான் தேய்ச்சது. எம்பொண்ணாவது மேல பறக்கட்டும்."

வாசல்வரை வந்த ஜோஸ்லின் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "ஸ்டோக்லில என்னை ஆட விடாம பெஞ்சுலயே உட்கார வச்சுட்டாங்கன்னா, உங்ககிட்ட வரலாமா கோச்?"

'வா' என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் மார்லீஸின் கண்ணுக்குள் ஷான்டெலின் சிரிப்புதான் நின்றது.

"அவ வேண்டாம்னு தள்ளினதை எடுத்துக்க நாங்க இங்க உட்கார்ந்திருக்கலைம்மா."

அந்தப் பெண்ணின் முகம் சுருங்கியது. மார்லீஸ் அதைப் பார்த்தாள். பார்த்தும் காரில் ஏறிவிட்டாள்.

ஸ்டோக்லியில் ஜோஸ்லின் ஒரு வருடம் பெஞ்சில்தான் இருந்தாள். பிறகு கல்லூரி மாறினாள். ஹார்லனுக்கு இல்லை, நாற்பது மைல் தள்ளி, ஹார்லனின் லீக்கிலேயே கடைசி இடத்தில் கிடந்த கல்லூரிக்கு. ஜனவரியில் அந்த அணி ஹார்லன் அரங்குக்கு வந்தது. ஜோஸ்லின் மட்டும் இருபத்தேழு புள்ளி எடுத்தாள். ஹார்லன் தோற்றது.

"அந்தப் பொண்ணு இந்த ஊர்தானே! ஸ்டோக்லிய விட்டப்ப நம்மகிட்ட ஏன் வரல?" என்றார் தலைமைப் பயிற்சியாளர்.

நல்ல ஆட்டக்காரிகள் வராததற்குப் பெரிய லீக், டிவி, விமானம் என்று இத்தனை வருடமாகச் சொல்லிவந்த காரணம் எதுவும் மார்லீஸுக்கு அன்று உதவவில்லை. "நான்தான் வேண்டாம்னு சொன்னேன்," என்றாள்.