கடைசித் துண்டை எடுத்த ஆர்லீஸ்

அமெரிக்காவில் எங்கள் மினசோட்டா மாநிலத்துக்காரர்கள் மேல் எனக்கு ஒரு பழைய கோபம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் காப்பிக்கு உட்கார்ந்தால், தட்டில் இருக்கும் கடைசித் துண்டு கேக்கை ஒருத்தரும் எடுக்கமாட்டார்கள். ஆசை இல்லாமல் இல்லை. ஒருவர் கத்தியால் பாதி வெட்டிக்கொண்டு மீதியை விடுவார். அடுத்தவர் அதிலும் பாதி. கடைசியில் நகம் அளவு ஒன்று காய்ந்து குப்பைக்குப் போகும். எதைக் கொடுத்தாலும் மூன்று தடவை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் வாங்கவேண்டும். இங்கே அதற்குப் பெயர் மரியாதை.

அந்த மரியாதையில் என் அக்கா ஆர்லீஸை அடித்துக்கொள்ள ஆளில்லை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரே ஓட்டலில் சமைத்தவள். அதை மூடப்போகிறார்கள் என்றதும் ஆஸ்பத்திரிச் சமையலறையில் தலைமை வேலைக்கு விண்ணப்பித்தாள். எங்கள் ஊரில் அதைவிட்டால் அவளுக்கு வேறு அடுப்பு கிடையாது.

இன்டர்வியூவுக்குப் பழக, போனில் ஏஐயைப் பேசவிட்டாள். நான் எதிரே காப்பியோடு உட்கார்ந்தேன்.

“உங்க பலம் என்ன?” என்றது போன்.

“பெரிசா ஒண்ணுமில்லீங்க. கூட வேலை செய்றவங்க நல்லவங்க.”

“அவங்க இருக்கட்டும். நீங்க என்ன செஞ்சீங்க?”

“நான் இத்தனை வருஷமா கேட்டதை இது ஒரே நாள்ல கேட்டுடுச்சு பாரு,” என்றேன்.

“நீ வாயை மூடுடா, ரோஜர்.”

ஒரு வாரத்தில் தேறிவிட்டாள். பனிப்புயலில் ஊரே முடங்கியபோது தனியாக நின்று சமைத்துப் போட்டதை, காது சிவக்கச் சிவக்க, ‘நான்’ போட்டுச் சொன்னாள்.

இன்டர்வியூ முடிந்து வந்தவள் காரைவிட்டு இறங்கவில்லை. நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

“எல்லாத்துக்கும் நல்லாத்தான் சொன்னேன். வேலை உங்களுக்குத்தான்னாங்க இன்டர்வியூ எடுத்த அம்மா.”

“அப்புறமென்ன?”

“ஐயோ, வேண்டாங்க, தேவைப்படுறவங்களுக்குக் குடுங்கன்னுட்டேன்.”

“மறுபடி கேட்டிருப்பாங்களே?”

“கேக்கலடா! சரி, உங்க இஷ்டம்னு கை குடுத்து அனுப்பிட்டாங்க. டெக்சாஸ்காரங்களாம், அங்கெல்லாம் ஒரு தடவை வேண்டாம்னா வேண்டாம்தானாம்.”

சிரித்தேன். அவள் கண்ணைப் பார்த்ததும் நிறுத்தினேன். அவள் போனை எடுத்து ஏஐயிடம், “ஏய், இவளுக்கு வேலை குடு,” என்றேன்.

“இந்த வேலையை உங்களுக்குத் தர விரும்புறோம்,” என்றது அது.

“உங்களுக்கு எதுக்குங்க சிரமம்...”

“புரியுது. உங்க முடிவை மதிக்கிறோம். நன்றி.”

“இதுவும் டெக்சாஸா!” என்று அலறினாள்.

விடவில்லை நான். அது கொடுக்க, இவள் மறுக்க, வாயில் ஒரு ‘சரிங்க’ வருவதற்குள் காப்பி ஆறிவிட்டது. அந்தச் சூட்டோடு ஆஸ்பத்திரிக்குப் போன் போடவைத்தேன். நல்லவேளை, வேலையை இன்னும் யாருக்கும் கொடுத்திருக்கவில்லை. அந்த அம்மா கேட்டு முடிப்பதற்குள் இவள், “சரிங்க!” என்று கத்தினாள்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில் எலுமிச்சைக் கேக். கடைசித் துண்டு வந்ததும் எல்லாரும் ஜன்னலைப் பார்த்தார்கள். ஆர்லீஸ் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

“எடுத்துக்கோ.”

“வேண்டாம்,” என்றது என் பாழாய்ப்போன வாய்.

“சரி, உன் இஷ்டம்,” என்று முழுத் துண்டையும் வாயில் போட்டுக்கொண்டாள். மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள்.

“பாத்துக்கிட்டே உக்காந்திருக்காத. அந்தக் கத்தியைக் கொண்டுபோய்க் கழுவி வை.”