தேவகிக்குச் சூடு வைத்த மூன்று மாதம்

எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூரில் சின்னதாக ஒரு பிசியோதெரபி கிளினிக் வைத்திருந்தேன். முதுகுவலியோ பக்கவாதமோ, யார் வந்தாலும் ஒரே பூசைதான். முதலில் இன்ஃப்ரா ரெட் லைட்டில் பதினைந்து நிமிடம் சூடு, அப்புறம்தான் எக்சர்சைஸ்.

தேவகிக்கும் அதையே செய்தேன். பாரிவாக்கத்துப் பெண், முப்பது வயது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மோட்டாருக்குச் செப்புக்கம்பி காயில் சுற்றும் வேலை. வந்தது மல்டிபிள் ஸ்கிளரோசிஸ், நரம்பின் மேலுறை கெட்டுப்போகிற நோய். ஆறு மாதத்துக்குள் நடந்து வந்தால் வேலை உண்டு என்று கம்பெனியில் கெடு வைத்திருந்தார்கள்.

வரும்போது சுவரைப் பிடித்து நடந்து வருவாள். லைட் போட்டு எழுப்பினால் நாலே அடியில் முட்டி மடங்கிவிடும்.

"லைட் போட்டா கால் போயிடுது சார். கண்ணும் மங்கலா கீது. இன்னிக்கு வாணாம் சார்."

"சூடு ஏறினாத்தாம்மா தசை இளகும். நீதான் மனசு வைக்க மாட்டேங்கிற."

படித்த திமிர். மூன்று மாதம் அவளை வறுத்தெடுத்தேன். பிறகு அவள் வரவில்லை.

சில வாரம் கழித்து, தெரிந்த நரம்பு டாக்டர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் பதறிவிட்டார்.

"யோவ், அதுக்குச் சூடே ஆகாதுய்யா! உடம்பு சூடானா கால் ஓய்ஞ்சிடும். குளிர வெச்சு, கொஞ்சங்கொஞ்சமா பண்ணணும்."

மறுநாள் விடிந்ததும் பாரிவாக்கத்துக்கு சைக்கிள் மிதித்தேன்.

"தப்பு என்மேலதாம்மா."

"அதத்தான் சார் நான் அப்பவே சொன்னேன்" என்று சிரித்தாள். திட்டியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும்.

அன்றிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு அவள் வீட்டுக்கே போய், வெயில் ஏறுவதற்குள், கழுத்தில் ஈரத்துண்டைப் போட்டு நடக்க வைத்தேன். பத்து அடி, உட்கார்ந்து ஓய்வு, மறுபடி பத்து அடி. ஐந்து மாதத்தில் கைத்தடியோடு தெருமுனை வரை போய்வந்தாள்.

ஒரு நாள் காலையில் பஸ் ஸ்டாப்பிலிருந்து கம்பெனி கேட் வரை அவளே நடந்தாள். நான் பின்னால் போனேன். சூப்பர்வைசர் வெளியே வந்தார்.

"இன்னாம்மா, இப்பவா வர்றது? கெடு முடிஞ்சு ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. வேற ஆள் போட்டாச்சே."

தேவகி அழவில்லை. உள்ளே ஓடும் மெஷின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"போலாம் சார். நடந்து வந்துட்டேன்ல."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களே, நோயாளியின் உடம்பைப் பற்றி உங்களைவிட நோயாளிக்குத்தான் அதிகம் தெரியும். நான் அதைத் தெரிந்துகொள்ள எடுத்துக்கொண்ட மூன்று மாதம் அவளுடையது. அது திரும்பி வராதா என்று இன்றைக்கும் ஏங்குகிறேன். அது வீணாகாமல் இருந்திருந்தால் தேவகி கெடுவுக்குள்ளேயே கேட்டைத் தாண்டி உள்ளே போயிருப்பாள்.