அந்தச் சின்ன அம்புக்குறி

பிள்ளைகளே, நீங்கள் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால் அப்பா வேலையைப் போட்டுவிட்டு உடனே கேட்பதைக் கேலி செய்கிறீர்கள். அதற்குக் காரணம் ஒரு மனிதர். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

கள்ளக்குறிச்சியில் வெள்ளிமலை பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நரைத்த மீசை, தோளில் பச்சைத் துண்டு. துண்டு நுனியால் போனைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“செத்தவங்க கொரல்லயே மெஷின் பேசுதாமே தம்பி, நியூஸ்ல சொன்னான். நெசமா?”

“அப்படித்தாங்க சொல்றாங்க.”

“எம்பொண்ணு மாதிரி என்னைத் திட்டுமா அது?” என்று சிரித்தார். பிறகு போனை நீட்டினார். “எங்க ஊர்ல டவர் இல்ல. இங்க வந்து இந்த அம்புக்குறிய அமுக்குனா இங்கிலீசுல இன்னாமோ வருது. படிச்சு சொல்லு.”

எழுத்துக்கூட்டிப் படித்தேன். “ஆடியோ இப்ப இல்லையாம்ங்க. அனுப்புனவங்களையே திரும்ப அனுப்பச் சொல்லுது.”

போனை வாங்கித் துடைக்கப்போன கை நின்றது.

“எம்பொண்ணு ஆஸ்பத்திரியிலேர்ந்து அனுப்புனது தம்பி. நான் மலையெறங்கி வர்றதுக்குள்ள போயிட்டா. கேட்டா தாங்க மாட்டேன்னு இத்தினி மாசமா அமுக்கல. போன்லதான கீது, எங்க போயிடப் போவுதுன்னு இருந்துட்டேன்.”

டவுன்லோட் பண்ணாமல் விட்ட ஆடியோ நாளாக ஆக அழிந்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. வேறு மாதிரி படித்துச் சொல்லியிருக்கலாமோ என்று இன்றும் நினைக்கிறேன்.

மலையடிவாரத்தில் நான் இறங்கிக்கொண்டேன். பஸ் போனதும் தனியாக நின்று, நீங்கள் அனுப்பி நான் கேட்காமல் விட்ட எல்லாவற்றிலும் அம்புக்குறியை அமுக்கினேன். முதலில் வந்தது சின்னவள் குரல்: “அப்பா, ஸ்கெட்ச் பேனா மறந்துடாத.” அதை இரண்டு தரம் கேட்டேன்.