அக்காவுக்கு அடிமண்டி போதும்

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டேவிட் கோப்பைக்குள் மூக்கை விட்டார், கண்ணை மூடினார், பிறகு “பழைய தோல்” என்றார். நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன். அவர் பாராட்டுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. இந்த லீட்ஸ் நகரத்தில் மாதம் ஒரு சாயங்காலம், ஒரு பப்பின் பின்னறையில், வீட்டிலேயே பியர் காய்ச்சுகிற நாங்கள் கூடுகிறோம். ஒருவர் காய்ச்சியதை மற்றவர்கள் ருசித்து மதிப்பிட வேண்டும். ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கால்மணி நேரம் பேசுவார்கள். உலர்ந்த திராட்சை என்பார் ஒருவர், கருகிய ரொட்டி என்பார் இன்னொருவர். நனைந்த அட்டைப்பெட்டி என்று யாராவது சொல்லிவிட்டால் மட்டும் காய்ச்சியவர் முகம் தொங்கிப்போகும். கேரள எல்லையில் உள்ள எங்கள் பாறசாலைப் பக்கத்தில் ஒருவன் கையில் கிளாஸை வைத்துக்கொண்டு இவ்வளவு பேசினால், அருகில் நிற்கிறவன் அதையும் எடுத்துக் குடித்துவிட்டுப் போயிருப்பான். அங்கே நின்ற வாக்கில் ஒரே மூச்சு, முகத்தில் ஒரு சுளிப்பு, விரலில் ஊறுகாயைத் தொட்டு நாக்கில் ஒரு தேய்ப்பு. ருசி என்று ஏதாவது இருந்தால் அது ஊறுகாயின் ருசி.

என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, எனக்கு டவுன் பஸ் ஓட்டும் வேலை. பியர் காய்ச்சப் பழகியது குளிர்காலத்து விடுமுறைகளில் சும்மா இருக்க முடியாமல்தான். போன வருஷம் துணிந்து ஒரு பார்லிவைன் காய்ச்சினேன். பெயரில்தான் வைன், பிறப்பில் பியர்தான். முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, அள்ளிப் போட்டு, வைன் அளவுக்கு வீரியம் ஏற்றி, மாதக்கணக்கில் பாட்டிலில் கிடக்கவிட்டு, பிறகு இருமல் மருந்துபோல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டிய சரக்கு. அதில் நான் ஊரிலிருந்து வந்த கருப்பட்டியைத் தட்டிப் போட்டிருந்தேன். டேவிட் வெகுநேரம் வாயில் வைத்திருந்து, “இது என்ன இனிப்பு?” என்றார். பனையிலிருந்து வருவது என்றேன். “பனை எண்ணெயா?” என்றார். இல்லை, மரத்தின் சாற்றைக் காய்ச்சினால் கிடைப்பது என்றேன். “ஆ, தேங்காய்!” என்றார். நான் விட்டுவிட்டேன். போட்டியில் அதற்கு மூன்றாம் இடம் கிடைத்தது. தேங்காய் மணம் வித்தியாசமாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் அறிவில்லாமல் எல்சி அக்காவுக்குப் போன் போட்டேன். அக்கா நெய்யாற்றின்கரை கோர்ட்டில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவள், எங்கள் சபையில் பெண்கள் சங்கத்துச் செயலாளர். பியர் போட்டியில் பரிசு வாங்கினேன், இனி என்னையும் ஜட்ஜாகச் சேர்த்துக்கொள்வார்கள் என்று சொன்னேன்.

“எலே, நான் கோர்ட்டுல எத்தன ஜட்ஜுமாரக் கண்டவ. இஞ்ச ஒரு ஜட்ஜு குடிச்சிட்டு வந்தா அவரு வீட்டுக்குப் போணும். அங்க குடிச்சாத்தான் ஜட்ஜா? இதுக்காக்கும் நீ சீமைக்குப் போனே?”

அதன்பிறகு அவள் என் மனைவியோடு மட்டும்தான் பேசினாள். நான் போனை வாங்கினால் “ம்” என்பாள், அடுப்பில் ஏதோ கிடக்கு என்பாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் அப்பா குடித்தே போனவர். பள்ளிக்கூடப் பாவாடையோடு கள்ளுக்கடை வாசலில் நின்று, அப்பாவின் கையைப் பிடித்துக் கூட்டி வந்தவள் அவள்தான். அப்போது நான் அவள் இடுப்பில் இருந்தேன். எனக்கு அந்த மூன்றாம் இடம் பெரிதில்லை. அக்கா என்னை அப்பாவின் வரிசையில் நிறுத்திவிட்டாளே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதனால் போன கிறிஸ்துமஸ் லீவுக்கு ஊருக்குப் போகும்போது, அவளுக்கு ஒரு வாய் கொடுத்து, இது அந்தக் குடி இல்லை என்று காட்டிவிடலாம் என்று, அந்தப் பார்லிவைனில் இரண்டு பாட்டிலைச் சட்டைகளுக்குள் சுற்றி எடுத்துப் போனேன்.

போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, என் குடிப்பழக்கம் நீங்க எங்கள் வீட்டிலேயே ஜெபக்கூட்டம் ஏற்பாடாகியிருக்கிறது. மறுநாள் சாயங்காலம் போதகர், எங்கள் ஊர்ப் பேச்சில் ஐயர், வருகிறார், சபையில் பாதி வருகிறது, ஜெபம் முடிந்ததும் ஆப்பமும் இறைச்சிக்கறியும். என்னைத் தவிர எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. ஆட்டோக்காரர்கூட என்னை ஒரு மாதிரி பார்த்துத்தான் இறக்கிவிட்டார்.

கூட்டத்தன்று காலையில் அடுக்களையில் அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டு வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். உங்கள் வீட்டிலும் இருக்கலாம். கள் வாசலைத் தாண்டி உள்ளே வரக் கூடாது, ஆப்பமாவுக்கு மட்டும் வரலாம். ஆப்பத்துக்குப் போகிற கள் கள்ளே இல்லை. வழக்கமாகக் கொண்டுவரும் பனையேறி ஆரியங்கோட்டில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். கடையில் விற்கும் ஈஸ்ட் பொடியை வாங்கி வரட்டுமா என்று கேட்டேன்.

“பொடி போட்ட ஆப்பத்துக்கு ஒரு மணம் உண்டா? சொம்மா இரி.”

நான் சும்மா இருக்கவில்லை. பெட்டியைத் திறந்து பாட்டிலைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். அக்கா அதைக் கையால் தொடாமல் கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

“அடியில என்னவாக்கும் கெடக்கு?”

“ஈஸ்ட்டு, அக்கா. உயிரோட உள்ளது.”

“மட்டு!” என்றாள். கள்ளின் அடியில் தங்கும் மண்டிக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். மூடியைத் திறந்து, முகத்தைத் தூரத்தில் வைத்தபடியே மோந்து பார்த்தாள். அடுத்த நொடி என் பக்கம் திரும்பினாள். “எலே, இது நம்ம கருப்பட்டி இல்லியா? இருமலுக்குக் காப்பி போடச் சொல்லிக் குடுத்துவிட்டத இதுலயா போட்டே?”

கேட்ட கையோடு பாட்டிலை எடுத்துக்கொண்டு கொல்லைக்கு நடந்துவிட்டாள். வாழை மூட்டில் குனிந்து நின்று, மண்டி கலங்காமல் நூலாக ஊற்றினாள். பியர் போட்டிகளில் அடிமண்டி கிளாஸில் விழுந்துவிடக் கூடாது என்று நாங்கள் உயிரை விடுவோம். நாங்கள் பாட்டிலிலேயே விட்டுக் கொட்டிவிடும் அந்தக் கசடுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. மாதக்கணக்காக நான் காத்துக் கிடந்த சரக்கு வாழைக்குப் போனது.

“ஒரு வாய் குடிச்சாவது பாரு, அக்கா.”

“எனக்க வாயில இது படாது.”

இரண்டாவது பாட்டிலுக்கு நான் கிளாஸோடு ஓடிவந்து கையேந்தினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றினாள். “குடிச்சுத் தொல. அங்கயே நின்னு குடி, உள்ள கொண்டு வராத.” யாராவது பார்த்துவிடுவார்களோ என்று வாழைக்குப் பின்னால் ஒதுங்கி, நின்ற வாக்கில், ஒரே மூச்சில் குடித்தேன். முகம் தானாகச் சுளித்தது. ஊறுகாய் ஒன்றுதான் குறை.

அந்த மண்டியைக் கலந்த ஆப்பமாவு மத்தியானம்வரை அசையவில்லை. அக்கா கொஞ்சம் சர்க்கரையும் வெதுவெதுப்பான தண்ணீரும் சேர்த்து வெயிலில் வைத்தாள். நான் கைக்காரியம் எல்லாம் விட்டுவிட்டு அந்தப் பாத்திரத்தையே சுற்றிக்கொண்டிருந்தேன். நாலு மணிக்கு மாவு பொங்கி மூடியைத் தூக்கியது.

கூட்டத்தில் போதகர் என் தலையில் கைவைத்து, இந்த மகனை மதுபானத்தின் பிடியிலிருந்து விடுவியும் ஆண்டவரே என்று கண்ணீரோடு வேண்டினார். எல்லாரும் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன், மரியாதைக்கு. பிறகு ஆப்பம் வந்தது. ஓரம் மொறுமொறுவென்று, நடுவில் பஞ்சாக. லேசான ஒரு கசப்பு இருந்தது, கறிக்கு அது எடுத்துக் கொடுத்தது. மூன்றாவது ஆப்பத்தில் போதகர் நிமிர்ந்து பாராட்டினார்.

“எல்சி, அப்பம் உக்ரனாக்கும். கள்ளு எங்க கிடைச்சுது?”

அக்கா பாத்திரத்தோடு நின்றாள். ஏதாவது சொல்லி மழுப்புவாள் என்று நினைத்தேன். கோர்ட்டில் வேலை பார்த்தவளுக்கு அது வராது.

“கள்ளில்ல ஐயரே. எனக்க தம்பி உண்டாக்கினதாக்கும்.”

“என்னது உண்டாக்கினது?”

“பியராக்கும். அதுக்க மட்டு. இன்னும் ரெண்டு போடட்டா?”

அறையில் யாரும் மெல்லவில்லை. போதகர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பத் தட்டைப் பார்த்தார்.

“ஒண்ணு போதும்” என்றார்.

எனக்கு அழுகை வந்தது. சபையில் பாதி இருந்த அறையில், என் தம்பி என்றாள், உண்டாக்கினது என்றாள். சீமையில் எந்த நடுவரும் அப்படி ஒரு தீர்ப்பு எனக்குச் சொன்னதில்லை. புறப்படும் நாளில் கருப்பட்டியை இரண்டு பொதியாகக் கட்டித் தந்தாள். “இது இருமலுக்கு” என்றாள் ஒன்றைக் காட்டி. மற்றதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

போன வாரம் பின்னறையில் புதிய பார்லிவைனை டேவிட்டுக்கு ஊற்றினேன். அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்து மூடியதும், அது எதற்கு என்று கேட்டார். என் அக்காவுக்கு என்றேன். அவருக்கு வருத்தமாகிவிட்டது. “பாவம், அவளுக்கு நல்ல பாகத்தைக் கொடுக்கக் கூடாதா?” என்றார். தேங்காயையே விளக்க முடியாதவன் இதை எங்கே விளக்க. வீட்டுக்கு வந்து அந்த மண்டியை ஒரு ஜாடியில் ஊற்றி, பிரிட்ஜில் பாலுக்குப் பின்னால் வைத்தேன். தெளிந்ததை எல்லாம் நாங்கள் இங்கேயே குடித்து முடித்துவிட்டோம்; உயிரோடு இருப்பது அடுத்த லீவுக்கு ஊருக்குப் போகக் காத்துக் கிடக்கிறது.