காயும்வரை கை சும்மா இருக்க வேண்டும்

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் பவுலின் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனால் முதலில் கை கழுவ வேண்டும். கழுவிய கையை முழங்கைக்கு மேலே தூக்கிக்கொண்டுதான் மேஜைக்கு வர வேண்டும். தொங்கப் போட்டால் திரும்பக் கழுவச் சொல்வார். அவருடைய கணவர் தியோடர் அண்ணன் இருபத்தாறு வருஷமாகப் பிரியாணிக்கு முன்னால் சரணடைந்த போர்க்கைதி மாதிரிதான் வந்து நிற்கிறார்.

அக்கா ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். என் தையலைப் போட்டவர்கள் அவர்கள்தான்; பகைத்துக்கொள்ள எனக்குத் தைரியமில்லை.

அவருடைய முக்கியமான வேலை துணி போடுவது. வெட்டப்போகிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு மனிதனின் மிச்சத்தையெல்லாம் பச்சைத் துணியால் மூட வேண்டும். நாலு பக்கமும் நாலு துண்டு, முனைகளில் கிளிப், மேலே ஒரு பெரிய விரிப்பு. பார்க்கக் கல்யாணப் பந்தியில் மேஜைத்தாள் விரிப்பது போல இருக்கும். ஆனால் அந்தத் துணி கிருமி நீக்கியது. அதைத் தொடும் கை கிருமி நீக்கிய கையுறைக்குள் இருக்க வேண்டும். அந்தக் கை கழுத்துக்கு மேலேயும் போகக்கூடாது, இடுப்புக்குக் கீழேயும் போகக்கூடாது.

"துணிய வெச்சா வெச்சதுதான் சீனு," என்பார், பக்கத்து வீட்டில் அவர் பார்க்க வளர்ந்த என்னிடம். "வெளிப்பக்கம் வேணா இழுக்கலாம். உள்பக்கம் நகர்த்தினே, அழுக்க வாசல்ல இருந்து கூடத்துக்குக் கூட்டிட்டு வர மாதிரி."

முப்பது வருஷத்தில் அவர் எத்தனை டாக்டர்களைத் திரும்பக் கை கழுவ அனுப்பியிருக்கிறார் என்பதற்குக் கணக்கில்லை. ஒரு பெரிய சர்ஜன், விருதெல்லாம் வாங்கியவர், மூக்கு அரித்ததென்று தோளால் மாஸ்க்கைத் தேய்த்தார். "சார், கவுனு மாத்துங்க," என்றார் அக்கா. "தோள்பட்டைதானேம்மா," என்றார் அவர். "மூக்கு உங்களோடதுதானே சார்," என்றார் அக்கா. அவர் மாற்றிக்கொண்டார்.

இந்த முப்பது வருஷமும் அக்கா நின்றுகொண்டே இருந்தார். கெண்டைக்காலில் நீல நரம்புகள் பெங்களூர் பஸ் ரூட் படம் மாதிரி ஓடுகின்றன. போன வருஷம் தியேட்டர் இன்சார்ஜ் ஓய்வு பெற்றார். அந்தப் பதவியில் சம்பளம் பெரிதாக ஏறாது. ஆனால் ஒரு கண்ணாடி அறை உண்டு. அதற்குள் ஒரு நாற்காலி உண்டு. சுழலும், சாயும், கை வைக்க இடம் இருக்கும்.

"அந்த நாற்காலி வந்தா நான் எழுந்திருக்கவே மாட்டேன்," என்றார் அக்கா. "பெட்டியிலயும் என்னை உக்கார வெச்சுத்தான் புதைக்கணும்."

போட்டிக்கு இருந்தது சௌம்யா ஒருத்திதான். முப்பத்திரண்டு வயது, எம்.எஸ்ஸி நர்சிங், வைட்ஃபீல்டிலிருந்து மெட்ரோவில் வருகிற பெண். வெளியிலிருந்து தர ஆய்வாளர் ஒருவர் வரப்போகிறார், அன்றைக்குத் தியேட்டரில் ஒரு குறையும் இல்லாவிட்டால் நாற்காலி பவுலினுக்கு என்று நிர்வாகம் சொல்லிவிட்டது.

ஆய்வாளர் வந்த நாளில் மேஜையில் கிடந்தவன் நான்.

நான் வேலை பார்க்கும் டப்ளினில் என் குடலிறக்க ஆபரேஷனுக்குத் தேதி கிடைக்க ஏழு மாதம் என்றார்கள். ஏழு மாதம் இருமாமல், தும்மாமல், சூட்கேஸ் தூக்காமல் வாழ என்னால் முடியாது. இணையத்தில் குடலிறக்கம் பற்றி அறுபது பக்கம் படித்திருந்தேன். அதில் ஐம்பத்தெட்டில் ஆள் செத்துப்போயிருந்தான். அக்காவுக்கு ஃபோன் செய்தேன். "வா, நானே உனக்குத் துணி போடுறேன்," என்றார். அதைவிட மங்களகரமாகச் சொல்லியிருக்கலாம்.

அக்கா கத்தோலிக்கர். ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் முன்னால், கை கழுவப் போகும் முன், தியேட்டர் வாசலில் நின்று சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வார். நெற்றி, மார்பு, இடத்தோள், வலத்தோள். பிறகுதான் சோப்பு. முப்பது வருஷப் பழக்கம். அன்று வாசலில் ஆய்வாளர் கோதண்டராமன் ஃபைலோடு மறித்தார்.

"சிஸ்டர், கை கழுவுற நேரம் எவ்வளவு?"

"அழுக்குப் போற வரைக்கும்."

"நிமிஷத்துல சொல்லுங்க."

"அஞ்சு. நீங்க பேசினா எட்டு."

அவர் எழுதிக்கொண்டார். அக்கா நேராகக் கழுவப் போய்விட்டார். வாசலில் செய்ய வேண்டியது விட்டுப்போனது.

எனக்கு முதுகில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே இருந்ததெல்லாம் வேறு யாருக்கோ சொந்தமானது. மேல்பாதி மட்டும் விழித்திருந்து கவலைப்பட்டது. அக்கா கவுனும் கையுறையும் அணிந்து வந்து, இடுக்கியில் பிடித்த பஞ்சால் என் வயிற்றுக்கு மருந்து பூசினார். பழுப்பு நிறம். பழைய கதவுக்கு வார்னிஷ் அடிப்பது போல.

"இது காயணும்," என்றார். "காயற வரைக்கும் கை மாரோட இருக்கணும். சும்மா இருக்கணும். இந்த வேலைல அதுதான் கஷ்டம்."

அறையில் அப்போது எங்களைப் பார்ப்பவர் யாருமில்லை. டாக்டர் அஷ்வத் வெளியே கை கழுவிக்கொண்டிருந்தார். சௌம்யா அலமாரிப் பக்கம் திரும்பி நூல் தேடிக்கொண்டிருந்தாள். மயக்க மருந்து டாக்டர் என் தலைமாட்டில் மானிட்டரோடு ஐக்கியமாகியிருந்தார். கோதண்டராமன் மூலையில் குனிந்து எழுதினார்.

மருந்து காய்ந்தது. நாலு துண்டு, நாலு கிளிப், பெரிய விரிப்பு. அதன் தலைப்பக்கத்தைக் கம்பியில் மாட்டி எனக்கு முன்னால் திரை கட்டினார்கள். டாக்டர் வந்தார். "சிஸ்டர், பிளேடு."

அப்போது நான் வாயைத் திறந்தேன். திறந்திருக்கவே கூடாது.

"அக்கா, எனக்கு ரொம்ப மோசமா? மறைக்காம சொல்லுங்க."

"என்னடா?"

"எனக்காக சிலுவை போட்டுக்கிட்டீங்களே!"

டாக்டர் அஷ்வத் சிரித்தார். "எனக்கும் சேர்த்து ஒண்ணு போடுங்க சிஸ்டர். ஸ்வல்ப தைரியம் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. திரைக்கு மேலாக அவர் கண்கள் என்மேல் வந்து நின்றன.

"எப்போ பாத்தே?"

"இப்பத்தான்... கொஞ்சம் முன்னாடி."

"துணி போடறதுக்கு முன்னாடியா?"

அவருக்கே தெரியவில்லை. கை தானாகப் போயிருக்கிறது. வாசலில் விட்டதை, சும்மா இருந்த இரண்டு நிமிஷத்தில் முடித்துக்கொண்டு வந்திருக்கிறது. நெற்றி என்றால் தொப்பி. தொப்பி என்றால் அழுக்கு. அந்தக் கையால்தான் எல்லாத் துணியும் போட்டிருக்கிறார். எனக்கு மெதுவாகப் புரிந்தது. மூலையில் கோதண்டராமன். கண்ணாடி அறையில் நாற்காலி.

"சரியா ஞாபகம் இல்லக்கா," என்றேன். "வாசல்லயா இருக்கும்."

"வாசல்ல நீ எங்கடா இருந்தே? கை என்ன கலர்ல இருந்துச்சு, க்ளவுஸ் கலர்லயா?"

"கை... கை கலர்ல."

"பொய் சொன்னா உன் காது மடல் செவக்கும். ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து. இப்போ தக்காளி மாதிரி இருக்கு."

சௌம்யா நெருங்கி வந்து மெல்லச் சொன்னாள்: "அக்கா, விடுங்க. யாரும் பாக்கல. க்ளவுஸ் மட்டும் மாத்திக்கோங்க, சாகு, அது போதும்." நாற்காலிக்குப் போட்டியிட்டவள் சொன்னது இது.

அக்கா ஒரு நொடி தன் கால்களைப் பார்த்தார். எனக்குத் திரை மறைத்தது. ஆனால் தலை குனிந்த கோணம் தெரியும். பிறகு நிமிர்ந்தார்.

"எல்லாம் கீழ. துணி, கிளிப், ட்ராலி, எல்லாம். நான் தொப்பியத் தொட்டுட்டேன். புது செட்டு கொண்டு வா சௌம்யா."

டாக்டர் அஷ்வத்துக்குக் கோபம். "சிஸ்டர், ஹெர்னியா இது. மூளை இல்ல."

"மூளைன்னா தொறந்து கழுவியிருப்பேன் சார். பின்னாடி நகருங்க."

கோதண்டராமன் மூலையிலிருந்து வந்தார். "சிஸ்டர், எதைத் தொட்டீங்க? எதுக்காக?"

"நெத்திய. சாமி கும்பிட."

அவர் படிவத்தைப் புரட்டினார். அதற்குக் கட்டம் இல்லை. 'தாமதம், நிமிடங்களில்' என்பதற்கு இருந்தது. அதில் முப்பத்தைந்து என்று பிறகு எழுதினார்.

முப்பத்தைந்து நிமிஷமும் பழுப்பு வயிற்றோடு நான் குளிரில் கிடந்தேன். அறுபது பக்கத்தில் எதிலும் இந்தச் சாவு வரவில்லை. அக்கா புதுக் கவுன், புதுக் கையுறையோடு வந்து மறுபடி பூசினார். காயும்வரை இரு கைகளையும் மார்போடு சேர்த்து ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டார், தப்பி ஓடப்போகிற பிள்ளைகளைப் பிடிப்பது போல.

நாற்காலி சௌம்யாவுக்குப் போனது.

பத்தாவது நாள் தையலைக் காட்ட லிங்கராஜபுரம் போனேன். சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் சட்டையைத் தூக்கி நின்றேன். அக்கா குனிந்து பார்த்தார். சிவப்பு இல்லை, சீழ் இல்லை.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"ஃபோட்டோ எடுத்து அந்த ஃபைல்காரனுக்கு அனுப்பு."

தியோடர் அண்ணன் கையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவர் சி.எஸ்.ஐ. சபைக்காரர், சிலுவை போடும் பழக்கம் அங்கே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து இருவருக்கும் இந்த விஷயத்தில் வாய்க்கால் தகராறு.

"நான் அப்பவே சொன்னேன், கேட்டியா? எங்க ஆளுங்க மாதிரி கண்ண மூடி ஜெபம் பண்ணியிருந்தா கை எங்கயும் போயிருக்காது. இன்னிக்கு நாற்காலில உக்காந்திருப்பே."

"கண்ண மூடினா நீங்க தூங்கிடுவீங்க. எனக்குப் பக்கத்துல வயித்தத் தொறந்து வெச்சிருப்பாங்க."

"இப்போ என்ன பண்றே? புது நோட்டீஸ் ஒட்டியிருக்காங்களாமே."

ஒட்டியிருந்தார்கள். கோதண்டராமன் சிபாரிசு செய்து, சௌம்யா கையெழுத்துப் போட்டது. விதி பதினாலு: கையுறை அணிந்தபின் வழிபாட்டுச் சைகைகள் கூடாது. அடியில் கும்பிட்ட கையின் படம், குறுக்கே சிவப்புக் கோடு.

"விதி சரிதான்," என்றார் அக்கா. "நானே சொல்லியிருப்பேன். வாசல்ல போட்டுக்கறேன், எப்பவும் போல."

"மறுபடி எவனாவது வாசல்ல நிறுத்தினா?" என்றேன்.

அக்கா மீன் குழம்புச் சட்டியை மேஜையில் வைத்தார். ஒரு காலை ஸ்டூல்மேல் தூக்கிப் போட்டுக்கொண்டார்.

"நாக்கால போட்டுக்குவேன். மாஸ்க்குக்குள்ள. மேல, கீழ, இந்தப் பக்கம், அந்தப் பக்கம். எவன் வந்து பாப்பான்?" என்றவர் என் கையைப் பார்த்தார். "தொங்குது பாரு. போய்க் கழுவிட்டு வா."